சிமோன் வீட்டில் ஒரு போகி

எனக்கு வயசு எழுபத்திரண்டு. பெத்தது நாலு. செத்துப்போன என் கொழுந்தன் புள்ளைங்களையும் சேத்து வளத்தது ஏழு. ஏழுல ஒண்ணு கூட சோத்துக்கு இன்னொரு வீட்டு வாசல்ல நின்னதில்ல. திருவிடந்தைக் குப்பத்துல வந்து கன்னியம்மா வீடு எதுன்னு கேட்டா சின்னப் புள்ள கூட கை காட்டும். நாவலூர்ல அடுக்குமாடி எழும்புறதுக்கு முந்தியே அந்த ரோட்டுல கூடை தூக்கி மீன் வித்தவ நான். எழுத்து கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறது என் பேத்தி மோனிஷா.

அவ ஜார்ஜியான்னு ஒரு நாட்டுல, திபிலீசிங்கற ஊர்ல, டாக்டருக்குப் படிக்கிறா. மார்கழியில பனிக்கட்டி மேல கால வெச்சு வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சிடுச்சு. அவ அப்பன், அதான் என் மூணாவது மகன், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை. லீவு கிடைக்கல. அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. நான் போறேன்னேன்.

"இன்னாம்மா நீ? செங்கல்பட்ட தாண்டிப் போனதில்ல, ஃபாரின் போறேன்ற?"

"நான் மீன் விக்கப் போன எடத்துக்கெல்லாம் வழி சொல்லி அனுப்புனவன் நீயாடா?"

டிக்கெட்டு எடுத்துக் குடுத்தான்.

ஏரோப்பிளேன் கதையை விட்டுடறேன். உக்கார வெச்சாங்க, எறக்கி விட்டாங்க. வெளிய வந்ததும் குளிர் மூஞ்சில அறைஞ்சுது. மழைக்காலத்துல விடியக்காத்தால கரையில நின்னு வல இழுத்த உடம்பு இது. ஆனா அந்தக் குளிர் வேற ஜாதி, எலும்புக்குள்ள போய்ப் பாய் விரிச்சு உக்காந்துகினது.

மோனிஷா வாடகைக்கு இருந்தது ஒன்பதாவது மாடியில. லிப்டு இருந்துச்சு. உள்ள போய் நின்னா ஏறல. பக்கத்துல ஒரு சின்ன டப்பா. அதுல காசு போட்டாத்தான் மேல போவுமாம்! என்கிட்ட நம்மூரு காசுதான் இருந்துச்சு. கூட்டிகினு வந்த டாக்சிக்கார ஆளு சிரிச்சுகினே ஒரு காசப் போட்டாரு. ஒரு வீட்டுக்கு ஏறிப் போறதுக்கு உண்டியல் வெச்ச ஊர அன்னிக்குத்தான் பாத்தேன்.

வீட்டுக்காரம்மா பேரு எத்தேரி. என்ன விட மூத்தவங்க, ஒல்லி, நெட்டை. தனியா இருக்காங்க. வாடகைக்கு ஒரு ரூம விட்டுட்டு அவங்களும் அதே வீட்லதான். கதவத் திறந்ததும் என் காலத்தான் பாத்தாங்க. அவங்க பாஷையில என்னமோ சத்தம் போட்டாங்க.

"இன்னா சொல்றாங்க, மோனி?"

"சாக்ஸ் போடாம வந்த இந்தப் பைத்தியம் யாருன்னு கேக்கறாங்க, ஆயா."

கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டாந்து, குனிஞ்சு அவங்களே என் கால்ல மாட்டி விட்டாங்க. எனக்கு யாரும் கால்ல ஒண்ணு மாட்டி விட்டதில்ல. கூச்சமாப் போச்சு.

மறுநாள் நான் கொண்டு போன நெத்திலிக் கருவாட வறுத்தேன். மேல் மாடிக்காரன் எறங்கி வந்தான், கீழ் மாடிக்காரி ஏறி வந்தா. எத்தேரிம்மா மூக்குல துணியக் கட்டிகினு ஜன்னல் எல்லாம் திறந்து விட்டாங்க. அப்புறம் ஒண்ணு எடுத்து வாயில போட்டாங்க. துணிய அவுத்தாங்க. தட்டையே இழுத்து வெச்சிகினாங்க.

அவங்க ஊரு ரொட்டியும் லேசுப்பட்டதில்ல. கெணறு மாதிரி ஒரு மண் அடுப்பு. ரொட்டி போடுற ஆளு அதுக்குள்ள தலைகீழா எட்டிப் பாத்து, சுவத்துல மாவ அப்பிட்டு வெளிய வர்றான். ரொட்டி படகு மாதிரி ரெண்டு பக்கமும் கூரா இருக்கும். அத மண் சட்டியில வெந்த செவப்புக் காராமணியோட தின்னா, நம்ம வீட்டுக் கொழம்பு மாதிரி இல்லன்னாலும் வயிறு கேள்வி கேக்காது.

சமையக்கட்டு சுவத்துல ஒரு போட்டோ. கோட்டுப் போட்ட மனுஷன், வாயில சிகரெட்டு, ஒரு கை கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள. எத்தேரிம்மாவோட வீட்டுக்காரர். பேரு சிமோன். தவறிப் போய் ரொம்ப நாளாச்சு.

"இன்னா வேல பாத்தாரு?"

"ஃபிலாசபர், ஆயா. தத்துவம். அதாவது... யோசிக்கிற வேலை."

"அதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

மோனி அத அவங்க பாஷையில சொன்னதும் எத்தேரிம்மா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. "குடுத்தாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க"ன்னாங்க.

அன்னிலேர்ந்து தினம் மத்தியானம் அதே பேச்சுதான். நானும் எத்தேரிம்மாவும் அக்ரோட்டு, அதான் வால்நட்டு, ஒடைப்போம். மோனி கட்டுப் போட்ட கால நாற்காலி மேல நீட்டிகினு, அவங்க சொல்றத எனக்கும் நான் கேக்கறத அவங்களுக்கும் மாத்தி மாத்திச் சொல்லுவா.

அப்ப அந்த நாடு ரஷ்யாக்காரங்க ஆட்சிக்குள்ள இருந்த காலம். சிமோன் காலேஜ்ல வாத்தியாரு. கூட வேல பாத்த ஒருத்தரு சர்க்காருக்குப் பிடிக்காத எதையோ பேசிட்டாருன்னு, அவர வெளிய அனுப்ப ஒரு கூட்டம் போட்டாங்களாம். எல்லாரும் கை தூக்கணும். எல்லாரும் தூக்கினாங்க. சிமோன் மட்டும் கைய பாக்கெட்டுலேர்ந்து எடுக்கல. ஏன் தூக்கலன்னு கேட்டதுக்கு, "கை குளிருது"ன்னாராம்.

"அப்புறம்?"

"கை குளிரக் கூடாதேன்னு அவரக் கொண்டு போய் அடுப்புக்கே வேலைக்கு வெச்சாங்க"ன்னாங்க எத்தேரிம்மா. பெரிய கட்டடத்துக்கு வெந்நி காய்ச்சுற கொதிகலன். படிச்ச மனுஷன் அதுக்குக் கரி அள்ளிப் போட்டிருக்காரு.

அங்க உக்காந்தும் எழுதியிருக்காரு. போலீஸ் வந்து தாள அள்ளிகினு போச்சு. திரும்ப எழுதினாரு, திரும்ப அள்ளிகினு போனாங்க. கடைசியில பைத்தியம்னு பேரு வெச்சு ஆஸ்பத்திரியில அடைச்சு ஊசி போட்டாங்க. நல்லா இருந்தவர் வெளிய வரும்போது கை நடுங்குச்சாம். பேனா நிக்கல.

"எழுத முடியலன்னா?"

"பேசினாரு."

இந்த மேஜையிலதான், நான் அக்ரோட்டு ஒடச்ச அதே மேஜையில. வாரத்துல ஒரு நாள் பழைய மாணவங்க வருவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சந்தேகப்படக் கூடாதுன்னு எத்தேரிம்மா கேக் பண்ணி வெப்பாங்க, பொறந்த நாளுன்னு. வாரா வாரம் பொறந்த நாளு.

"அப்டின்னா அந்த மனுஷனுக்கு இந்நேரம் முந்நூறு வயசு ஆயிருக்குமே"ன்னேன். எத்தேரிம்மா என் தோள்ல ஒண்ணு வெச்சாங்க.

ஒரு பையன் டேப் மிஷின் கொண்டாந்தான். ரொட்டி டப்பாக்குள்ள அத வெச்சு சிமோன் பேசுறதப் புடிச்சாங்க. அவரு நெனச்சது அத்தனையும் அந்த நாடாவுல மட்டுந்தான் இருக்கு. புத்தகம்னு ஒண்ணு கூட வரல. நாடு மாறிப் போச்சு, மாணவங்க தெசைக்கு ஒருத்தரா போயிட்டாங்க, கேக்க ஆளில்லாம கெடந்துச்சு. இப்பதான் ஒரு காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு தேடிகினு வந்திருக்கா. பண்டிகை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்காங்க. அத எங்க வெச்சிருக்காங்கன்னு எத்தேரிம்மா சொல்லல, நானும் கேக்கல. யாருக்கும் சொல்லாம இருந்தே பழகின பொம்பள.

போகி வந்துச்சு. ஊர் விட்டு ஊர் வந்தா பண்டிகை ஓடியா பூடும்? பழசக் கழிச்சாத்தான் மறுநாள் பால் பொங்கும். எத்தேரிம்மா கிட்ட மோனிய வெச்சுச் சொன்னேன். அவங்களுக்கு ஒரே குஷி. அவங்க பழைய கணக்குப்படி புது வருஷம் பொறக்குறதும் எங்க பொங்கல் அன்னிக்குத்தானாம். "நல்ல பழக்கம். பால்கனியில இருக்குற ஓட்ட ஒடசலத் தூக்கிப் போடு"ன்னு சொல்லிட்டுத் தேனும் மாவும் வாங்கக் கடைக்குப் போனாங்க. பரீட்சைன்னு மோனி கட்டுக்காலோட காலேஜுக்குப் போயிட்டா.

புடவைய இழுத்துச் சொருவிகினு வேலையில எறங்கினேன். காலு ஒடஞ்ச நாற்காலி, விரிசல் விட்ட ஜாடி, துருப்பிடிச்ச வாளி. பெஞ்சுக்குப் பின்னால ஒரு பெட்டி. திறந்தா பூரா பிஞ்ச செருப்பு, வாய் பொளந்த பூட்ஸ், குதிகால் செவப்பா ஒத்தப் பொம்பள பூட்ஸ் ஒண்ணு. நாத்தம் கொடலப் பிடுங்குச்சு. போகிக்கு எங்க வீட்ல மொதல்ல வெளிய போறதே பிஞ்ச செருப்பும் கிழிஞ்ச பாயுந்தான். மூதேவி அதுலதான் குந்திகினு இருப்பான்னு என் மாமியா சொல்லுவா. பெட்டி நல்ல கனம். அந்த ஊரு பூட்ஸ் கல்லு மாதிரிதான இருக்கும்னு நெனச்சேன். லிப்டுக்குக் காசு போட்டு, எல்லாத்தையும் கீழ கொண்டு போய்க் குப்பைத் தொட்டி பக்கத்துல வெச்சிட்டு வந்தேன். மேல வந்து பால்கனியக் கழுவி விட்டேன். தரை பளபளன்னு ஆச்சு. மனசும்.

சாயங்காலம் ரெண்டு பேரும் வந்தாங்க. எத்தேரிம்மா பால்கனியில இருந்த ஊறுகா ஜாடிய எடுக்கப் போனாங்க. போனவங்க திரும்பல. நான் எட்டிப் பாத்தேன். பெஞ்சுக்குப் பின்னால குனிஞ்சபடியே நின்னுகினு இருந்தாங்க. அப்புறம் பெஞ்சு மேலயே உக்காந்துட்டாங்க. மோனி கிட்ட ரெண்டே வார்த்தை சொன்னாங்க. மோனி மூஞ்சி செத்துப் போச்சு.

"ஆயா, அந்தச் செருப்புப் பெட்டி எங்க?"

"போட்டாச்சு. ஏன்?"

"செருப்பு மேலாப்புலதான், ஆயா. அடியில அவரோட டேப்பு."

"எந்த டேப்பு?"

"எல்லாந்தான்."

போலீஸ்காரன் கைய உள்ள விட அருவருக்கணும்னு அந்தக் காலத்துல செருப்புக்கு அடியில வெச்சாங்களாம். அது அப்படியே கெடந்திருக்கு.

நான் ஓடினேன். லிப்டுக்குக் காசு எடுக்கல. ஒன்பது மாடியும் படியில எறங்கினேன், இந்த முட்டிய வெச்சிகினு. நாற்காலி இருந்துச்சு, வாளி இருந்துச்சு, பெட்டி இல்ல. நாய் கூட்டிகினு நின்ன ஒரு பொம்பள கிட்டக் கையால பெட்டி மாதிரி காட்டினேன், செருப்பு மாதிரி காட்டினேன். அவ எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சிருப்பா. பின்னாடியே மோனி லிப்டுல வந்து கேட்டப்புறந்தான் வெவரம் தெரிஞ்சுது. பழைய சாமான் பொறுக்குற ஆளு ஒருத்தன் வண்டியில ஏத்திகினு போயிட்டான். ஆத்துப் பாலத்துப் பக்கம் பழைய சாமான் சந்தை உண்டு, அங்கதான் விப்பான்.

எத்தேரிம்மா என்ன ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். "நாலு தடவ போலீஸ் வந்துச்சு. நாலு தடவயும் பெட்டியத் திறந்தாங்க, மூக்கப் பிடிச்சிகினு மூடிட்டாங்க. நீ ஒரே காலையில தூக்கிட்ட"ன்னாங்க. சிரிக்கப் பாத்தாங்க, வரல. ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திகினாங்க.

எனக்குச் சோறு எறங்கல. ஒரு ராஜாங்கமே சேந்து அழிக்கப் பாத்து முடியாதத நான் கழுவி விட்டுட்டேனே!

மறுநாள் பொங்கல். பால் வெக்கல. மூணு பேரும் கெளம்பினோம். மோனி கட்டுக்கால், நான் முட்டி வலி, எத்தேரிம்மாவுக்கு மூச்சு வாங்கும். ஓ.எம்.ஆர்ல ஓடுற ஷேர் ஆட்டோவ இழுத்து நீட்டின மாதிரி ஒரு வேன். கை காட்டின எடத்துல நிக்குது, கத்தின எடத்துல எறக்கி விடுது. மோனி கத்துறதுக்குள்ள டிரைவர் பாலத்தத் தாண்டிட்டான். பனி தூறிகினே இருந்துச்சு, திரும்பி நடந்தோம்.

சந்தைன்னா சந்தை. மாமல்லபுரத்துல செல வரிசை கட்டி வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி ரோட்டோரம் நெடுக. பட்டாளத்து மெடலு, கேமரா, பீங்கான் தட்டு, யாரு வீட்டுதோ கல்யாணப் போட்டோ. நான் எதையும் பாக்கல, செருப்ப மட்டுந்தான் தேடினேன். கண்டேன். செவப்புக் குதிகால் பூட்ஸ்!

"மோனி! அதோ!"

குண்டா ஒரு ஆளு. துணி விரிச்சு செருப்பையெல்லாம் ஜோடி போட்டு வெச்சிருந்தான். பெட்டிய மேஜை மேல மினுக்கி வெச்சிருந்தான். பெட்டிக்குள்ள ஒண்ணுமில்ல.

"உள்ள இருந்த டேப் எங்க?"ன்னு மோனி கேட்டா.

"எந்த டேப்? மொதல்ல செருப்பு வாங்குறியா சொல்லு."

எனக்குப் பாஷை தெரியாது. ஆனா பதில் சொல்லாம வியாபாரம் பேசுறவன எனக்குத் தெரியும். அவன் துணி மேலயே, செருப்புங்களுக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். எங்க கூடைக்கு முன்னால வாங்காதவ ஒருத்தி உக்காந்துகினா வேற யாரும் கிட்ட வரமாட்டாங்க. எத்தனை பேரு எனக்கே அப்படிப் பண்ணியிருக்காங்க.

"டேய், குடுத்துட்டுப் பேசுடா!"ன்னேன் தமிழ்ல.

ஊரு சுத்திப் பாக்க வந்தவங்க ரெண்டு பேரு நின்னு என்ன போட்டோ எடுத்தாங்க. கூட்டம் கூடிப் போச்சு.

"இந்தப் பாட்டிய எந்திரிக்கச் சொல்லு, என் பொழப்பு போவுது"ன்னு அவன் தலையில கைய வெச்சான். "அந்த ரிப்பன் சுருள்தான? அத எவன் வாங்குவான்? அதோ, மேஜை ஆடுதுன்னு காலுக்கு அடியில வெச்சிருக்கேன். தூக்கிகினு போங்க."

பாத்தேன். மேஜையோட நாலு காலுக்கும் அடியில சுருள் வெச்ச அட்டைப் பொட்டிங்க, ஒண்ணு மேல ஒண்ணா, பனித் தண்ணியில ஊறிகினு.

எத்தேரிம்மா மொத தடவயா அவன் கிட்டப் பேசினாங்க. இது யாரோட பேச்சு தெரியுமான்னு கேட்டு, சிமோன் பேரச் சொன்னாங்க. அவன் முழிச்சான். "உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்"னாங்க.

"எங்க அப்பாவுக்குக் கால்பந்தத் தவிர ஒண்ணும் தெரியாது"ன்னான் அவன்.

எத்தேரிம்மா சிரிச்சிட்டாங்க. நெசமான சிரிப்பு. மேஜையத் தூக்கிப் பிடிச்சு ஒவ்வொண்ணா உருவினோம். பெட்டிய மட்டும் தரமாட்டேன்னுட்டான், ரஷ்யாக்காலத்துப் பெட்டி, நல்ல வெல போவுமாம். போவட்டும். அத்தனை சுருளையும் என் மடியில கட்டிகினேன். மீன் கட்டுற மடி, கனம் புதுசில்ல. வேன்ல உக்காந்தப்ப ஈரம் என் வயித்துல எறங்குச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சிகினே வந்தேன்.

வீட்டு வாசல்ல எத்தேரிம்மா எங்களத் தடுத்தாங்க. புது வருஷத்துல வீட்டுக்குள்ள மொத கால் யாருதோ, அந்த வருஷம் பூரா அவங்க ராசிதானாம். அதனால யாரையும் சும்மா உள்ள விட மாட்டாங்களாம். நான் ஒதுங்கி நின்னேன். என் ராசியத்தான் நேத்தே பாத்தாச்சே! அவங்க என் முதுகுல கைய வெச்சுத் தள்ளினாங்க. வலது கால எடுத்து வெச்சேன். தேன்ல ஒறஞ்ச அக்ரோட்டு மிட்டாய, நம்ம கடலை மிட்டாய் மாதிரி இருக்கும், என் வாயில திணிச்சு, "கெனத்ஸ்வாலே"ன்னாங்க. உன் கஷ்டம் எனக்கு வரட்டும்னு அர்த்தமாம். நான் அவங்க கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சேன். படபடன்னு அத்தன வெரலும் சொடக்கு விட்டுச்சு.

ஆனா கதை அதோட முடியல. ரெண்டு நாள் கழிச்சு காலேஜ் பொண்ணு வந்தா. சுருளத் திறந்து பாத்தா, மோந்து பாத்தா, உதட்டப் பிதுக்கினா. நனஞ்சிருக்கு, காயவெச்சு சுத்தம் பண்ணணும், வருமா வராதான்னு இப்ப சொல்ல முடியாதுன்னு எடுத்துகினு போனா. மோனி கால் ஊனி நடக்க ஆரம்பிச்சதும் நான் ஊருக்கு வந்துட்டேன், பதில் தெரியாமலே.

வந்தும் மனசு நிக்கல. மீன் கூறு போடும்போதும் அதே நெனப்பு. "விடும்மா, ஏதோ பழைய டேப்பு"ன்னான் மகன். "உனுக்கு இன்னா தெரியும்? அந்த மனுஷன் பட்டது பூரா அதுல கீதுடா"ன்னேன். போன்ல மோனி கிட்டக் கேட்டா, இன்னும் தெரியல ஆயான்னுவா. எத்தேரிம்மா சௌக்கியமான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடுவேன்.

லீவுக்கு மோனி வந்தா. நொண்டாம வந்தா, அதுவே பாதி உசுரு. பை கூட வெக்கல, என்னக் கையப் பிடிச்சு இழுத்துகினு போய்க் கரையில, ஏத்தி வெச்ச படகு நிழல்ல உக்கார வெச்சா. போன எடுத்து என் காதுல வெச்சா.

மொதல்ல கரகரன்னு சத்தம். அப்புறம் டீ கிளாஸ்ல ஸ்பூன் கலக்குற சத்தம். நாற்காலி இழுக்குறாங்க. யாரோ இருமுறாங்க. அப்புறம் ஒரு ஆம்பளக் குரலு. அவசரமே இல்லாத குரலு.

"இவருதானா?"

"இவருதான், ஆயா."

நடுவுல ஒரு பையன் எதையோ கேக்கறான். அவரு பதில் சொல்றாரு. மோனி நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொன்னா. உங்களுக்குப் பயமா இல்லையான்னு கேட்டிருக்கான். "பயம் இருக்கு. இதோ, நம்ம கூடவே இந்த மேஜையில உக்காந்து டீ குடிக்குது. குடிக்கட்டும். ஆனா எனக்குப் பதிலா அதப் பேச விடமாட்டேன். ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தன் மூச்சு விட முடியுமா? யோசிக்கிறதும் அப்படித்தான்."

அப்புறம் ஒரு பொம்பளக் குரலு குறுக்க வருது, சின்ன வயசுக் குரலு, அதட்டலா. எல்லாரும் சிரிக்கிறாங்க.

"இது எத்தேரிம்மா. டீ ஆறிப் போவுது, பேசினது போதும்னு சொல்றாங்க."

நான் அப்படியே மணல்ல சாஞ்சுட்டேன். பொங்கல்லேர்ந்து நெஞ்சுல வெச்சிருந்த மூச்சு அப்பத்தான் வெளிய வந்துச்சு. படகு சரி பண்ணிகினு இருந்த என் மூத்தவன், "இன்னாம்மா, உடம்புக்கு இன்னா?"ன்னு ஓடியாந்தான். "ஒண்ணுமில்ல போடா, நல்லா கீது எல்லாம்"னேன்.

ஒரே ஒரு சுருள் மட்டும் வரலையாம். மத்ததெல்லாம் வந்துடுச்சு. வராத சுருள்ல சிமோன் இன்னா பேசினார்னு எத்தேரிம்மா ஞாபகத்துலேர்ந்து சொல்லச் சொல்ல, அந்தக் காலேஜ் பொண்ணு தினம் வந்து எழுதிக்கிறாளாம். அதக் கேட்டப்புறந்தான் நானும் மோனிய இப்படி உக்கார வெச்சேன்.

போதும், மோனி, பேனாவ வை. இப்ப மொதல்லேர்ந்து படி. மெதுவாப் படி, என் பேச்சுல எதுனா விட்டுப் போயிருந்தா சொல்றேன்.